காசான் நகரத்துக் கணித மேதை

யூக்ளிட் என்னும் கிரேக்கப் பேரறிஞர் கி. மு. 300ஐ ஒட்டிய காலத்தில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்தார். அவர் இயற்றிய வடிவ கணித நூல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்களால் போற்றப்பட்டு வந்தது. மாளிகை கட்டுவோர் முதலில் கடைகால் இடுவது போல, யூக்ளிடும் சில எளிய உண்மைகளை நிறுவாமலே ஏற்றுக்கொண்டு, அவற்றின்மேல் ஏனைய உண்மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பிச் சென்றார். அவ்வாறு நிறுவாமலே ஏற்றுக்கொள்ளப்பெறும் உண்மைகளுக்கு எடுகோள்கள் என்று பெயர். இரு புள்ளிகளை இணைத்து ஒரு நேர்கோடு வரையலாம் என்பது அவற்றுள் ஒன்று. இதனை ஐயுறுவார் எவரும் இலர். ஆனால், ஐந்தாம் எடுகோள் அத்துணை எளியதாக அமையவில்லை. அதனைப் பிற்காலத்தார் பின்வருமாறு சுருக்கிக் கூறினர்: ஒரு நேர்கோட்டிற்குப் புறத்தே உள்ள ஒரு புள்ளியின் வழியாக, அக்கோட்டிற்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய இயலும்.

கேட்ட அளவில் இஃது உண்மையென்றே தோன்றும். எனினும், இணைகோடுகள் எத்துணைத் தொலைவு சென்றாலும் கூடா என்பதை யார் சென்று கண்டார்? ஆதலின், இதனை எடுகோளாக வைத்தல் தகாது, ஏனைய எடுகோள்களிலிருந்து நிறுவிக் காட்டுதல் வேண்டும் என்று அறிஞர் பலர் முயன்றனர். கிரேக்கர் முயன்றனர், அரேபியர் முயன்றனர், இத்தாலி நாட்டுச் சக்கேரியும் பிரெஞ்சு நாட்டு லெஜாந்தரும் முயன்றனர். லெஜாந்தர் தம் பாடநூலின் பல பதிப்புகளில் ஒரு நிறுவலைத் தருவதும், பிறகு அதன் குறையை உணர்ந்து வேறொன்றைத் தருவதுமாக இருந்தார். ஒவ்வொரு நிறுவலிலும் எங்கேயோ ஓர் ஓட்டை இருந்தது. இச்சிக்கலை அவிழ்த்தவர், ஐரோப்பாவின் புகழ்பெற்ற கல்விக் கூடங்களுக்கு நெடுந்தொலைவில், உருசிய நாட்டின் கீழைப் பகுதியில், வால்கா ஆற்றங்கரையை அடுத்த காசான் நகரில் இருந்தார். அவரே நிக்கொலாய் லொபச்சேவ்ஸ்கி.

லொபச்சேவ்ஸ்கி 1792ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் நீழ்னி நோவ்கொரத் என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் நில அளவை அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றியவர். அவர் இறந்தபோது மகனுக்கு வயது ஏழு அளவில் இருக்கும். மூன்று ஆண்மக்களோடு தனித்து நின்ற தாயார் மனந்தளரவில்லை. மக்களை அழைத்துக்கொண்டு காசான் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியில் 1802ஆம் ஆண்டில் மூவரையும் அரசினர் உதவிச் சம்பளத்தில் சேர்த்தார். வறுமையிலும் கல்வியைக் கைவிடாத அவ்வன்னையார் இல்லையேல், இவ்வரலாறு எழுதப்பட வேண்டிய தேவையே நேர்ந்திராது.

1804ஆம் ஆண்டில் காசானில் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. லொபச்சேவ்ஸ்கி பதினான்கு வயதிலேயே, 1807இல், அதில் மாணவரானார். முதலில் மருத்துவம் பயிலவே அவர் எண்ணியிருந்தார். ஆனால், அடுத்த ஆண்டில் பார்ட்டெல்ஸ் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் அங்கு வந்து சேர்ந்தார். கணித உலகின் முடிசூடா மன்னராக விளங்கிய கௌஸ் என்பாரின் இளமைப் பருவத்தில் அவருக்குக் கணிதம் கற்பித்து ஊக்கியவர் இப் பார்ட்டெல்ஸே. அவருடைய பாடங்களைக் கேட்ட இளைஞர் மருத்துவத்தை மறந்தார். கணிதமே தம் துறை எனத் துணிந்தார்.

அறிவிற் சிறந்த அம்மாணவர் அடக்கத்திற் சிறந்தவராக இருந்தார் என்று சொல்வதற்கில்லை. நள்ளிரவில் வாணம் ஒன்றைக் கொளுத்திவிட்டுத் தண்டனை பெற்றார். மேலோர்க்குப் பணியாதவர் என்றும், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்றும் அவர்மீது குறிப்புகள் எழுதப்பட்டன. பட்டமே கிடைக்காமற் போகும் நிலை ஏற்பட்டபோது, பார்ட்டெல்சும் வேறு சில பேராசிரியர்களும் அவர்க்காகப் பரிந்து பேசினர். 1811இல் அவர் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1814இல் துணையாசிரியர், 1816இல் பேராசிரியர், 1822இல் முழுநிலைப் பேராசிரியர் எனப் படிப்படியாக உயர்ந்தார்.

அக்காலம் பல்கலைக்கழகத்திற்கு நல்ல காலமன்று. மக்னீத்ஸ்கி என்னும் அரசாங்க அலுவலர் 1819இல் அங்கு வந்து ஆராய்ந்தார். அதனை மூடிவிடுதலே தக்கது என்று எழுதினார். அரசர் அதற்கு இசையவில்லை. ஆனால், அவரையே அதன் கண்காணிப்பாளராக அமர்த்தினார். பேராசிரியர் பலர் நீக்கப்பட்டனர். சிலர் தாமே விலகினர். எஞ்சியிருந்த லொபச்சேவ்ஸ்கி கணிதத்தோடு இயற்பியலையும் வானநூலையும் சேர்த்துக் கற்பிக்க நேர்ந்தது. 1823இல் அவர் மாணவர்க்கென ஒரு வடிவ கணிதப் பாடநூல் எழுதித் தலைநகரான புனித பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பினார். அதனைப் படித்துப் பார்த்தவர், பிரெஞ்சுப் புரட்சியிற் பிறந்த மீட்டர் அளவையை அதிற் கையாண்டதைப் பெருங்குற்றமாக எடுத்துக் காட்டினார். நூல் அச்சேறவில்லை. அஃது அச்சு வடிவம் கண்டது 1909ஆம் ஆண்டில். ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர்.

பிறரைப் போலவே லொபச்சேவ்ஸ்கியும் தொடக்கத்தில் ஐந்தாம் எடுகோளை நிறுவவே முயன்றார். தம் வகுப்பில் ஒரு நிறுவலைக் கூறியும் வந்தார். பின்னர் அதன் குறையைத் தாமே கண்டார். பலரும் இத்தகைய இடத்தில் இன்னொரு நிறுவலைத் தேடத் தொடங்குவர். அவரோ வினாவையே திருப்பிக் கேட்டார். இரண்டாயிரம் ஆண்டு முயன்றும் நிறுவ முடியாத ஒன்று, ஒருகால் நிறுவ முடியாததாகவே இருத்தல் கூடுமன்றோ? அவ்வெடுகோளை நீக்கிவிட்டு அதற்கு மாறானதை வைத்தால் என்ன நேரும்? புறப் புள்ளியின் வழியாக, குறித்த கோட்டினைச் சந்திக்காத கோடுகள் பல செல்லலாம் என்று அவர் கொண்டார். இக்கொள்கை தவறாயின், ஆராய்ந்து செல்லும் வழியில் எங்கேனும் ஒரு முரண்பாடு தலைகாட்டியே தீரும். அவர் நெடுந்தொலைவு சென்றார். முரண்பாடு எதுவும் எதிர்ப்படவில்லை. அதற்கு மாறாக, ஒரு புதிய வடிவ கணிதமே அவர் கண்முன் விரிந்தது.

அப்புதிய கணிதத்தில் சில முடிவுகள் வியப்பூட்டுவன. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணங்கள், அதாவது 180 பாகைகள் ஆகும் என்று பள்ளியிற் கற்கிறோம். லொபச்சேவ்ஸ்கியின் கணிதத்தில் அக்கூட்டுத்தொகை எப்போதும் 180 பாகைக்குக் குறைவு. முக்கோணம் பெரிதாகுந்தோறும் குறைவும் மிகும். அதனால், ஒரு முக்கோணத்தைக் கோணம் மாறாமல் பெரிதாக்கிக் காட்ட இயலாது. ஒரே வடிவமும் வேறுவேறு அளவும் உடைய இரு முக்கோணங்கள் அங்கே இல்லை. சிறிய உருவங்களிலோ அக்குறைவு கருவிக்கும் எட்டாத அளவு நுண்ணியது. கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் எழுப்புகையில் யூக்ளிடின் கணிதமே போதும். அப்படியாயின், நாம் வாழும் இவ்வுலகம் இவ்விரண்டனுள் எதனைப் பின்பற்றுகிறது? இதற்கு விடையைச் சிந்தனையால் மட்டும் காண முடியாது, அளந்தே அறிய வேண்டும் என்றார் அவர். பூமி ஞாயிற்றைச் சுற்றி வரும் பாதையின் விட்டத்தை அடியாகவும், விண்மீனை முனையாகவும் கொண்ட மாபெரும் முக்கோணங்களைக் கணக்கிட்டும் பார்த்தார். வேறுபாடு ஏதேனும் இருப்பினும், அஃது அக்காலக் கருவிகள் காட்டக்கூடிய அளவினும் சிறியதாகவே இருந்தது. வடிவ கணிதத்தின் உண்மையை வானத்தைக் கொண்டு சோதிக்கத் துணிந்த அத்துணிவே, அவர் கண்டவற்றுள் தலையாயது எனலாம்.

1826ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், தம் துறைப் பேராசிரியர்களின் கூட்டத்தில் அவர் இக்கருத்துகளை முதன்முதலில் எடுத்துரைத்தார். கேட்டிருந்தவர்க்கு ஒன்றும் விளங்கவில்லை போலும். ஆராய்ந்து கருத்துரைக்குமாறு உடன் பணியாற்றிய மூவரிடம் கட்டுரை ஒப்படைக்கப்பட்டது. மூவரும் ஒரு வரியும் எழுதித் தரவில்லை. கையெழுத்துப் படியோ எங்கேயோ மறைந்து போயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. 1829, 1830 ஆகிய ஆண்டுகளில், பல்கலைக்கழகம் வெளியிட்டு வந்த ‘காசான் தூதன்’ என்னும் இதழில் தம் ஆராய்ச்சியைப் பல பகுதிகளாக வெளியிட்டார். யூக்ளிடின் வழியினின்று வேறான வடிவ கணிதம் அச்சேறியது உலகில் அதுவே முதன்முறை. குடத்துள் இட்ட விளக்கு என்பார்களே, அதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தொலைவிலுள்ள ஒரு நகரத்தில், உருசிய மொழியில், பொது இதழ் ஒன்றில் வெளிவந்த கணிதக் கட்டுரையைப் பாரிசிலும் பெர்லினிலும் படிப்பார் யார்?

தலைநகரில் இருந்தவர்களேனும் படித்திருத்தல் கூடும். 1832இல் அக்கட்டுரை புனித பீட்டர்ஸ்பர்க்கு அறிவியற் கழகத்திற்கு அனுப்பப்பட்டது. அதனை ஆராய்ந்தவர் ஒஸ்திரகிராத்ஸ்கி. உருசியாவின் முதன்மையான கணித அறிஞருள் ஒருவர். கட்டுரை விளங்கவில்லை என்றும், கழகத்தின் கவனத்திற்கு உரியதன்று என்றும் அவர் முடிவு கூறினார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தலைநகர் இதழ் ஒன்று, எழுதியவர் பெயர் சொல்லாமல், லொபச்சேவ்ஸ்கியை எள்ளி நகையாடி ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர் மறுமொழி எழுதி அனுப்பினார். அதனை அவ்விதழ் வெளியிடவில்லை. ஒன்றை மட்டும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும். லொபச்சேவ்ஸ்கியின் நடை மிகச் செறிவானது. இடைப்படிகளைத் தாண்டித் தாண்டிச் செல்வது. அறிஞர்க்கும் அது கடினமாகவே இருந்தது. அதனால் படிக்க முயன்று கைவிட்டவர் மேல் முழுப் பழியையும் சுமத்துதல் முறையாகாது. படியாமலே நகைத்தவர் நிலை வேறு.

இத்தனை இகழ்ச்சிக்கும் இடையில் அவர் ஒரு பல்கலைக்கழகத்தையே தோளில் தாங்கி நின்றார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1827இல் அவர் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். நூலகத்தின் பொறுப்பையும் பல ஆண்டுகள் தாமே ஏற்றார். சிதறிக் கிடந்த நூல்களை வகைப்படுத்தினார், பட்டியல் அமைத்தார், அயல்நாடுகளிலிருந்து புதிய நூல்களை வரவழைத்தார். புதிய கட்டடங்கள் எழுந்தபோது, கட்டடக் கலை நூல்களைத் தாமே கற்று வேலையை மேற்பார்த்தார். மேலங்கியைக் கழற்றிவிட்டு நூலகத்தில் வேலை செய்துகொண்டிருந்த அவரை ஓர் அயல்நாட்டார் ஏவலாளர் என்று கருதினாராம். நூலகத்தையும் காட்சிச் சாலையையும் அவர் விளக்கிக் காட்டியதைக் கண்டு மகிழ்ந்து, காசு கொடுக்க முற்பட்டாராம். அன்று மாலை விருந்தில்தான் அவர் யாரென அறிந்து நாணினாராம். இவ்வாறு ஒரு செய்தி வழங்குகிறது.

1830ஆம் ஆண்டில் காசான் நகரைக் கொள்ளை நோயாகிய வாந்திபேதி தாக்கியது. நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை மருத்துவரும் அறியாத காலம் அது. லொபச்சேவ்ஸ்கி ஆசிரியர்களையும் மாணவர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் பல்கலைக்கழக வளாகத்திற்குள் அழைத்து, வாயில்களை அடைத்துவிட்டார். வெளியாருடன் கலப்பதற்கு இடமின்றிக் காவல் அமைத்தார்; தூய்மையைக் கண்டிப்பாக வற்புறுத்தினார். நகரில் மக்கள் பெருந்தொகையாக மடிந்தபோது, வளாகத்திற்குள் இறந்தவர் மிகச் சிலரே. 1842இல் நகரில் பெருந்தீ மூண்டு, பல்கலைக்கழகத்தின் வான்நோக்கு நிலையம் எரிந்தது. அப்போதும் கருவிகளையும் நூல்களையும் காத்து, எரிந்தவற்றை விரைவில் மீண்டும் எழுப்பினார்.

தம் கருத்து உலகை அடைய வேண்டுமாயின் அதற்குத் தக்க இதழ் வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். 1834இல் காசான் பல்கலைக்கழகத்தின் அறிவியல் வெளியீடாக ஓர் ஆராய்ச்சி இதழைத் தோற்றுவித்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் அதிலே தம் வடிவ கணிதத்தை முதலிலிருந்து விரிவாக எழுதினார். பெர்லின் நகரில் கிரெல் என்னும் பொறியாளர் 1826ஆம் ஆண்டு முதல் கணிதத்திற்கென்றே ஓர் இதழ் நடத்தி வந்தார். கிரெல் தாம் பெருங்கணித அறிஞர் அல்லர். பிறர் அறிவைக் கண்டு போற்றும் கண் அவருக்கு இருந்தது. நார்வே நாட்டு இளைஞரான ஏபெலின் கட்டுரைகளை முதல் தொகுதியிலேயே வெளியிட்டவர் அவர். அவ்விதழில் 1837இல் லொபச்சேவ்ஸ்கியின் கட்டுரை பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. ஆனால், காசான் இதழில் முன்பே நிறுவியவற்றை அடிப்படையாகக் கொண்டு அக்கட்டுரை மேற்சென்றது. அவ்விதழைக் காணாதவர்க்கு அடியில்லாத சுவர் போன்று அது தோன்றிற்று. ஆதலின், 1840இல் ஜெர்மன் மொழியில், இணைகோடுகளைப் பற்றிய சிறு நூல் ஒன்றைப் பெர்லினில் வெளியிட்டார். அவர் எழுதியவற்றுள் தெளிவானது இதுவே.

இச்சிறு நூல் செல்ல வேண்டிய கைக்குச் சென்றது. கோட்டிங்கன் நகரில் இருந்த கௌஸ் அதனைப் படித்தார். கௌஸ் இதே உண்மைகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தாமாகக் கண்டிருந்தவர். அறியாதார் எழுப்பும் ஆரவாரத்திற்கு அஞ்சி எதனையும் வெளியிடாமல் இருந்தவர். அறுபது வயதைக் கடந்த நிலையிலும் உருசிய மொழியைக் கற்று வந்த அவர், லொபச்சேவ்ஸ்கியின் ஏனைய எழுத்துகளையும் தேடினார். நண்பர்க்கு எழுதிய மடல்களில் வியந்து பாராட்டினார். அவருடைய முயற்சியால் 1842இல் கோட்டிங்கன் அறிவியற் கழகம் லொபச்சேவ்ஸ்கியை உறுப்பினராகத் தேர்ந்தது. ஆயினும், அப்புதிய கணிதம் உண்மையானது என்று வெளிப்படையாக ஒரு சொல்லும் கௌஸ் எழுதவில்லை. அவர் எழுதியிருந்தால் கற்றோர் உலகம் உடனே செவிசாய்த்திருக்கும். அங்கேரி நாட்டுப் படைத்துறை அலுவலரான யானோசு போயாய் என்பாரும் இதே கணிதத்தைத் தனித்துக் கண்டு, 1832இல் தம் தந்தையார் நூலின் பிற்சேர்க்கையாக வெளியிட்டிருந்தார். கௌஸின் மௌனத்தால் மிகவும் நொந்தவர் அவர். லொபச்சேவ்ஸ்கியின் நூலைப் போயாய் 1848இல் கண்டார். லொபச்சேவ்ஸ்கியோ தமக்கு அப்படி ஒரு தோழர் இருந்தார் என்பதை அறிந்ததாகவே தெரியவில்லை.

1846ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் இருள் சூழ்ந்த ஆண்டு. முப்பதாண்டுப் பணி முடிந்தது என்று காட்டி, அரசு அவரைப் பேராசிரியப் பதவியினின்றும் தலைவர் பதவியினின்றும் விலக்கியது. உடன் பணியாற்றியோர் அவரே தொடர வேண்டும் என வேண்டியும் பயனில்லை. கல்வி வட்டாரத்தின் துணைக் கண்காணிப்பாளர் என்னும் பதவி அவருக்குத் தரப்பட்டது, வருவாய் குறைந்தது. நிலத்திலும் ஆலையிலும் இட்ட பொருள் கடனாக வளர்ந்தது. அன்பு மிக்க மூத்த மகனைக் காசநோய் கொண்டு போயிற்று. கண்பார்வையும் சிறிது சிறிதாக மங்கி, இறுதியில் முற்றிலும் மறைந்தது.

1855இல் காசான் பல்கலைக்கழகம் தன் பொன்விழாவைக் கொண்டாட முற்பட்டது. தம்மை விலக்கிய அப்பல்கலைக்கழகத்தின் விழா மலருக்கு லொபச்சேவ்ஸ்கி தம் இறுதி நூலை அளித்தார். எழுதுகோல் பிடிக்க இயலாத நிலையில், அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். கோடுகளையும் வளைவுகளையும் பற்றிய கணக்குகள் யாவும் அகக்கண்ணில் நின்றன. ஏட்டைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை போலும். உருசிய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் அந்நூல் அமைந்தது. 1856ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அவர் இறந்தார். அவருடைய வடிவ கணிதத்தை அந்நாளில் முழுதும் ஏற்றுக்கொண்டவர் ஊரில் எவரும் இல்லை.

சில ஆண்டுகள் சென்றன. கௌஸின் மறைவுக்குப் பின் அவருடைய மடல்கள் அச்சிடப்பட்டன. அவற்றில் காசான் அறிஞரின் பெயரைக் கண்டவர்கள், அவர் யார் என்று தேடத் தொடங்கினர். 1840இல் வெளிவந்த சிறு நூலை ஊவேல் என்பார் 1866இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1868இல் இத்தாலி நாட்டுப் பெல்திராமி ஒரு கணித இதழில் வெளியிட்ட கட்டுரை பெரிய மாற்றத்தைச் செய்தது. எக்காளம் போல் விரிந்த ஒரு வளைபரப்பின் மேல் வரையப்படும் கோடுகள் லொபச்சேவ்ஸ்கியின் விதிகளுக்கு அடங்கி நிற்பதை அவர் காட்டினார். கண்ணால் காணக்கூடிய பரப்பு ஒன்று கிடைத்த பின், கற்பனை என்று எள்ளியோர் வாய் அடைத்தது. 1871இல் ஜெர்மன் நாட்டுக் கிளைன் இதனை மேலும் உறுதிப்படுத்தினார். யூக்ளிடின் கணிதத்தில் முரண்பாடு இல்லையேல் லொபச்சேவ்ஸ்கியின் கணிதத்திலும் இல்லை என்பது தெளிவாயிற்று. ஐந்தாம் எடுகோளை நிறுவ முயன்ற இரண்டாயிரம் ஆண்டு உழைப்புக்கு அத்துடன் முடிவு வந்தது. வெளி என்பது யூக்ளிட் கூறியவாறே இருந்து தீர வேண்டியதில்லை என்னும் எண்ணம் வேரூன்றிய பிறகே, 1915இல் ஐன்ஸ்டைன் தம் ஈர்ப்புக் கொள்கையை வகுக்க வழி பிறந்தது.

காசான் பல்கலைக்கழகம் 1883 முதல் 1886 வரையுள்ள ஆண்டுகளில் அவருடைய வடிவ கணித நூல்களைத் தொகுத்து வெளியிட்டது. 1896இல் நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அவர் பெயரால் அமைந்த பரிசினை 1897இல் முதன்முதலில் பெற்றவர் நார்வே நாட்டுக் கணித அறிஞர் சோபஸ் லீ. 1998ஆம் ஆண்டு முதல், அவர் பெயர் தாங்கிய கணித ஆராய்ச்சி இதழ் ஒன்று அப்பல்கலைக்கழகத்தின் சார்பில் வெளிவருகிறது. 1826ஆம் ஆண்டில் மூவரிடம் ஒப்படைக்கப்பட்ட அக்கையெழுத்துப் படி மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.